முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் கடைக்குள்ளேயே நின்று பார்த்து வாங்கிவிடக் கூடாது. கடை விளக்கில் எல்லாக் கண்ணாடியும் தெளிவாகத்தான் காட்டும். வாசலுக்கு எடுத்து வந்து, எதிரே நிற்கிற வண்டியின் அடியில் விழும் நிழலைப் பார்க்க வேண்டும். நிழலுக்குள் கிடக்கும் எண்ணெய்க் கறை தெரிந்தால் நல்ல கண்ணாடி. வெறும் கறுப்பாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் டனீடினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் கிரெய்க். சார்ஜென்ட், அவர் பொறுமையான மனிதர். இந்த விஷயத்தில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய பெயர் எங்கும் கெட்டுவிடக் கூடாது.

நான் கேட்டது தூரம் காட்டும் பைனாகுலர். எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் முன்பெல்லாம் பைனாகுலரில் மானைத் தேடுவார்கள். கிடைத்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு, தூரம் அளக்கிற இன்னொரு சின்னக் கருவியைப் பையிலிருந்து எடுப்பார்கள். அதற்குள் மான் போயிருக்கும். இதில் இரண்டும் ஒன்றுதான். பார்த்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினால், பார்க்கிற காட்சிக்குள்ளேயே சிவப்பாக ஒரு எண் எரியும். பார்வையை விலக்கவே வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"யாருக்குங்க?" என்று கேட்டார் கிரெய்க்.

"என் வீட்டுக்காரருக்கு. அவர் சுடுவார், நான் பாத்துச் சொல்லுவேன்."

"அப்போ கண்ணு உங்களோடது, விரல் அவரோடதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

எட்டு மடங்கு பெரிதாக்குவதா, பத்து மடங்கா என்று வந்தது. பத்து என்றால் கையின் சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும், பெண்களுக்கு எட்டே போதும் என்றார். பத்தை வாங்கி, தெருக்கோடி இறைச்சிக் கடைப் பலகையைப் பார்த்தேன். எழுத்து அசையாமல் நின்றது. "கை கல்லு மாதிரி இருக்கே" என்றார். நான் இருபது வருடத்துக்கு மேல் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனி உறைந்த மலைச்சாலையில் முதுகுக்குப் பின்னால் முப்பது குழந்தைகளோடு போகிறவளுக்குக் கை ஆடக் கூடாது.

இன்னொன்றையும் காட்டினார். குறுக்கே மரக்கிளை இருந்தால் சில கருவிகள் கிளையின் தூரத்தைச் சொல்லிவிடும், சுடுகிறவன் ஏமாந்து போவான். நல்ல கருவியில் கிளையைத் தாண்டி அப்பால் நிற்பதை அளக்கும்படி மாற்றி வைக்கலாம். சரிவில் கீழ்நோக்கிச் சுடும்போது எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கடைசியாக நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"நானூறு மீட்டர்ல நிக்கிறது மானா மனுஷனான்னு சந்தேகமே இல்லாம தெரியுமா?"

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. என் குடும்பப் பெயரை முன்பே சொல்லியிருந்தேன், அதனால் இருக்கலாம். "மனுஷன்னா அவன் காலைல ஷேவ் பண்ணினானா இல்லையான்னே சொல்லிடலாம்ங்க" என்றார் மெதுவாக.

அப்படியானால் இதைக் கொடுங்கள் என்றேன்.

என் மகன் ஆங்கஸின் விஷயம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதம், கலைமான்கள் பெட்டையைத் தேடி முழங்குகிற பருவம். அவனும் கெல்வினும் சேர்ந்துதான் மலைக்குப் போனார்கள். சின்ன வயதிலிருந்தே இருவரும் அப்படித்தான். என் பேருந்தில் எனக்கு நேர் பின்னால் இருக்கிற இருக்கை அவர்களுடையது. கெல்வின் தினமும் பாதி வழியில் ஆங்கஸின் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். அன்றைக்கு மலையில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். ஆங்கஸ் மாட்டுக் கொம்பை ஊதிக் கலைமான் போல முழங்கியிருக்கிறான், உண்மையான மானை வரவழைப்பதற்காக. புதருக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, அசைவைக் கண்ட கெல்வின் சுட்டுவிட்டான். அவனிடம் பைனாகுலர் இருந்தது. பையில் இருந்தது. எடுக்கவில்லை.

நீதிமன்றத்தில் அவன் எதையும் மறுக்கவில்லை. சில மாதம் வீட்டுக்காவல், துப்பாக்கி உரிமம் ரத்து என்று தீர்ப்பு வந்தது. எனக்கு நீதிபதி மேல் கோபம் இல்லை. அவர் சட்டத்தில் இருந்ததைத்தான் செய்தார்.

தீர்ப்பு முடிந்ததும் என் கணவர் டங்கன் எழுந்து போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற கெல்வினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீயும் ஒரு சகோதரனைப் பறிகொடுத்திருக்கப்பா. எனக்கு உன் மேல ஒண்ணும் இல்லை" என்றார். கூடம் முழுக்க அழுதது. ஊரில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். மளிகைக் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட மனிதர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார் என்றார்கள். ஆமாம் என்றேன். ஆங்கஸ் எனக்கும் மகன்தான். மன்னிப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்வது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கெல்வின் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். விறகு பிளந்து கொடுப்பான். வேலி கட்டுவான். மதியம் சாப்பாட்டுக்கு டங்கன் அவனை ஆங்கஸின் நாற்காலியில் உட்கார வைப்பார். நான் ஆட்டுக்கறி வறுத்து வைப்பேன். சாறு ஊற்றட்டுமா என்று கேட்பேன்.

"போதும் ஆன்ட்டி" என்பான்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா. வேலை செஞ்ச உடம்பு."

ஒரு தடவைகூட அவனிடம் முகம் சுளித்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவனுடைய கல்யாணத்துக்குக் கேக் செய்தது நான்தான். மனைவி ரவினியா, மாவோரிப் பெண், கலகலப்பானவள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

டங்கனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்தது போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில். அறுவைச் சிகிச்சைக்குப் பெரிய வரிசை. காத்திருக்கச் சொன்னார்கள். இனி வேட்டைக்குப் போக முடியாதே என்று சமையலறையில் உட்கார்ந்து மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் சொன்னேன், உனக்குக் கண்ணாக நான் வருகிறேன் என்று. அவர் என் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். முகம் ஈரமாக இருந்தது.

அதற்காகத்தான் பைனாகுலர் வாங்கினேன். வேறு எந்தத் திட்டமும் அப்போது என்னிடம் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குன்றில் பழகினோம். எதிர்ச்சரிவில் இரும்புத் தகடு தொங்கவிட்டு, நான் தூரம் சொல்வேன். அவர் துப்பாக்கித் தொலைநோக்கியின் திருகைத் தடவித் தடவி எண்ணுவார், சுடுவார். தகடு மணி போல ஒலிக்கும். உருவம் தெரியும், விவரம் தெரியாது என்பார். கலங்கிய தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருக்கும் என்பார். ஆங்கஸுக்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம். சுடுவதற்கு முன்னால் நிச்சயமா என்று கேட்பார். நான் நிச்சயம் என்ற பிறகும், இன்னொரு தடவை பார் என்பார். நானும் இன்னொரு தடவை பார்ப்பேன். அந்தப் பருவத்தில் இரண்டு பெட்டை மான்கள் விழுந்தன. இரண்டையும் நான் சரியாகத்தான் சொன்னேன். அவர் என்னை முழுக்க நம்பினார். அதற்கான தகுதி எனக்கு இருந்தது.

கெல்வினுக்கு உரிமம் திரும்பக் கிடைத்ததும் டங்கன்தான் அவனைக் கூப்பிட்டார். இந்த வருடம், அதே பள்ளத்தாக்கு, அதே ஏப்ரல் மாதம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கெல்வின் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். தொப்பியும் ஆரஞ்சு.

"தூரத்துலேர்ந்து பாத்தா ரோடு போடுற ஆளு மாதிரியே இருக்கடா" என்று டங்கன் கிண்டல் செய்தார்.

"ரோடு போடுறவனை யாரும் சுடுறதில்ல அங்கிள்" என்றான். பிறகு என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மலைக் குடிலில் தங்கினோம். மறுநாள் கெல்வின் தனியாக மேல் பள்ளத்துக்குப் போனான். நானும் டங்கனும் ஓடைக்கு மேலே ஒரு மேட்டில் படுத்துக்கொண்டோம். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. மேலே அவன் சுட்டது எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் டங்கன் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மறுபுறம் ஊற்றுக்கு இறங்கினார். அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் இருந்த ரேடியோ பேசியது.

"ஆன்ட்டி, ஒண்ணு விழுந்துடுச்சு. பெரிய கொம்பு. தொடையும் தலையும் கட்டி எடுத்துட்டு வரேன். அங்கிள்கிட்ட சொல்லிடுங்க. நான் வரேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"சொல்லிடறேம்ப்பா."

"எந்தப் பக்கமா இறங்கட்டும்?"

"ஓடை வழியா வா. அதுதான் சுலபம். பாத்து வா" என்றேன்.

டங்கன் தண்ணீரோடு திரும்பி வந்தார். நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்கள் ஆட்களிடம் முன்பு சொல்லவில்லை. கீழே வருவதாக அவன் ரேடியோவில் சொல்லவே இல்லை என்று சொன்னேன். அது பொய். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்று. மற்றதையும் சொல்கிறேன்.

வெயில் சாய்ந்து எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. புரை விழுந்த கண்ணுக்கு எதிர்வெயில் என்றால் எல்லாமே பால்தான். ஓடைக்கரையில் புல் முடிந்து மரம் ஆரம்பிக்கிற இடத்தில் முதலில் கொம்பு தெரிந்தது. கிளைகள் அசைந்தன. கருவியை, கிளையைத் தாண்டி அளக்கும்படி மாற்றினேன்.

"டங்கன். கலைமான்."

"எங்க?"

"ஓடைக்கு இந்தப் பக்கம். புல்லு முடியிற இடத்துல. கொம்பு தெரியுதா?"

அவர் துப்பாக்கியில் கன்னத்தை வைத்தார். "கொம்பு தெரியுது. பெருசா இருக்கே. உடம்பு கலங்கலாத்தான் தெரியுது. கெல்வின் எங்க இருக்கான்?"

"மேலயே இருக்கான். நீ தண்ணிக்குப் போனப்போ ரேடியோல பேசினான். இன்னும் ஒண்ணும் கிடைக்கலையாம்."

"நிச்சயமா ரோனா?"

"நிச்சயம்."

"இன்னொரு தடவை பாரு."

பார்த்தேன். கிரெய்க் பொய் சொல்லவில்லை. மூட்டைக்கு மேலே மான் தலை கட்டியிருந்தது. உரித்த தோலை அவன் தோளோடு போர்த்தியிருந்ததில் ஆரஞ்சுச் சட்டை மறைந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி, யாருக்கும் தெரியட்டும் என்று கொம்பின் நுனியில் மாட்டியிருந்தான். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. காலையில் ஷேவ் பண்ணவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ பாட்டு. சுமை அழுத்தியதால் ஒரு இடத்தில் நின்று, குனிந்து, தோளை மாற்றிக்கொண்டான். குனிந்தபோது முகம் மறைந்து கொம்பு மட்டும் தெரிந்தது.

"பாத்துட்டேன். முந்நூத்திப் பன்னண்டு மீட்டர். சரிவு கழிச்சா முந்நூறு வச்சுக்கோ. நின்னுட்டிருக்கு."

அந்த எண் சரியான எண், சார்ஜென்ட். தவறாகச் சொல்லியிருந்தால் குண்டு தலைக்கு மேலே போயிருக்கும், அவன் கையை ஆட்டிக் கத்தியிருப்பான், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அளவு விஷயத்தில் நான் டங்கனிடம் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். விரல் அவருடையது.

"விழுந்துடுச்சா?" என்றார்.

"விழுந்துடுச்சு."

அவர் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார். என் தலையை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "கெல்வின் பொறாமையில செத்தே போவான்" என்று சொல்லிக்கொண்டே சரிவில் இறங்க ஆரம்பித்தார். நீ முன்னால் போ, நான் சாமானை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

நான் சாமானை எடுக்கவில்லை. அங்கேயே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் புல்லைத் தாண்டினார். கொம்பைப் பிடித்துத் தூக்கினார். தோலை விலக்கினார். பிறகு முழங்காலில் விழுந்து, புரட்டி, முகத்துக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார், புரை விழுந்தவர்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆங்கஸைப் புரட்டியபோது கெல்வினின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். முகம் கெல்வினுடையது அல்ல, டங்கனுடையது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். ரேடியோவில் உதவி கேட்டேன். ஹெலிகாப்டர் வந்தது. நீங்களும் வந்தீர்கள்.

உங்கள் ஆட்கள் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். இதேபோல மகனைப் பறிகொடுத்த ஒருத்தியிடம் யார்தான் துருவிக் கேட்பார்கள்? எதிர்வெயில், கொம்பு, தோல் என்று சொன்னேன். எனக்கும் மான்போலத்தான் தெரிந்தது என்றேன். அது இரண்டாவது பொய். டங்கன் அவர்களை என் கிட்டவே விடவில்லை. "அவளை ஒண்ணும் கேக்காதீங்க. கண்ணு தெரியாத நான் துப்பாக்கியைத் தொட்டதே தப்பு. சுட்டது நான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜாமீனில் வீட்டுக்கு வந்தோம்.

அவர் சாப்பிடவில்லை. நான் எலும்புச் சாறு காய்ச்சி ஸ்பூனில் ஊட்டினேன். குளிப்பாட்டினேன். துப்பாக்கிகளை உங்களிடம் ஒப்படைத்துவிட்டதால் அந்தப் பயம் இல்லை, இருந்தாலும் மாத்திரைகளை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் நான் கவனமாக இருந்தேன். ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கெல்வின் என்ன பாடுபட்டிருப்பான்னு இப்பத்தான் ரோனா எனக்குத் தெரியுது" என்றார்.

நீ என்ன பாடுபட்டாய் என்று அப்போதும் அவர் என்னைக் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். போர்வையைச் சரி செய்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனது. வீடு அமைதியாக இருந்தது. நாங்கள் இருவரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை.

போன மாதம் ரவினியா வந்தாள். கையில் துணி சுற்றிய ரொட்டி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே டங்கனிடம் போனாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, அவர்கள் வழக்கப்படி நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் வைத்து ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"நீங்க மட்டும் அன்னைக்குக் கட்டிப்பிடிக்கலைன்னா கெல்வின் அப்பவே தூக்குல தொங்கியிருப்பான். அவன் எனக்குக் கிடைச்சதே உங்களாலதான். உங்களை நான் எப்படி வெறுப்பேன் சொல்லுங்க?" என்றாள்.

டங்கன் வாய்விட்டு அழுதார். பிறகு அவள் வெட்டிக் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டார். இரண்டு துண்டு. இத்தனை மாதம் நான் ஊட்டியபோது அப்படி வாயைத் திறந்ததில்லை. போகும்போது ரவினியா என்னையும் கட்டிப்பிடித்தாள். "நீங்களும் பாவம் ஆன்ட்டி" என்றாள். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கண் அறுவைச் சிகிச்சைக்குக் கூப்பிட்டார்கள். கட்டைப் பிரித்ததும் மலை விளிம்பு கத்தியால் வெட்டினதுபோலத் தெரிகிறது என்றார். இப்போது காலையில் எழுந்ததும் ரவினியா வீட்டுக்குப் போய்விடுகிறார். விறகு பிளந்து கொடுக்கிறார். அவளுக்கு டிசம்பர் கடைசி வாக்கில் பிரசவம். கெல்வினுக்கே தெரியாமல் போன குழந்தை. ஆண் பிள்ளையாக இருந்தால் ஆங்கஸ் கெல்வின் என்று பெயர் வைக்கிறாளாம். டங்கனைத்தான் தாத்தாவாக இருக்கச் சொல்லியிருக்கிறாள். முந்தாநாள் அதை என்னிடம் சொல்லிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிப் போனார். நல்ல தூக்கம். குறட்டைகூட விட்டார்.

நேற்று முழுக்க யோசித்தேன். உண்மையை மறைத்து வைப்பது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். ஏன் இப்போது என்று கேட்டீர்களே, மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். சட்டப்படி பார்த்தால் டங்கனுக்கு இது நல்ல செய்திதான். அவர் மேல் இருக்கிற வழக்கு போய்விடும். கெல்வின் வருவதாகச் சொன்னதும், எனக்குத் தெரிந்ததும், நான் பார்த்ததும் எல்லாம் சொல்லிவிட்டேன். கெல்வினைக் கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இப்போது போனால் ரவினியா வீட்டில் இருப்பார், இருவரும் சாப்பிடுகிற நேரம். இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது, தனித்தனியாகச் சொன்னால் விஷயம் திரிந்து போகும். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். விலங்கு மாட்டினாலும் பரவாயில்லை. நான் எதுவும் பேச மாட்டேன். டங்கனுக்கு எதிரே, வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிற பக்கமாக எனக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும்.